விமானம் கட்டிய வணிகர்

பலாலியில் இறங்கும் டக்கோட்டா விமானங்களைப் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் யான். இவற்றை நம்மவர் கட்டுதல் ஆகாதா என்னும் ஏக்கம் அன்றே உண்டு. பாரதத்தில் அதற்கு வழி திறந்தவர் வால்சந்த் ஹீராசந்த் எனப் பின்னர்க் கற்றறிந்தேன்.

1882இல் சோலாப்பூரில் பிறந்த அவர், கப்பல் தொழிலில் ஆங்கிலக் கம்பெனிகளோடு பொருதியவர். விமானத் தொழிற்சாலைக்கு அவர் அனுமதி வேண்டியபோது ஆங்கில அரசு தயங்கிற்று; போர் முற்றிய பின்னரே இசைந்தது. 1940 டிசெம்பரில், மைசூர் அரசின் துணையோடு, பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தோன்றியது. மறு ஆண்டே ஹார்லோ பயிற்சி விமானம் அங்கிருந்து பறந்தது.

1942இல் போர்த்தேவையைக் காட்டி அவருடைய பங்குகளை அரசு வாங்கிக்கொண்டது. விலை கொடுத்தார்கள், மெய்தான்; எனினும் என் மனம் அதனை ஒப்பவில்லை. 1953இல் அவர் காலமானபோது, சுதந்திரம் வந்து ஆறாண்டு ஆகியும், அத்தொழிற்சாலை அரசின் உடைமையாகவே இருந்தது.