நெஞ்சில் சுமந்து சென்ற திருக்குர்ஆன்

ஆட்சியும் அதிகாரமும் இல்லாத நாடுகளில் முஸ்லிம்கள் தங்கள் ஈமானை எவ்வாறு காத்தார்கள் என்பதை அறிய விரும்பினால், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் அடங்கியிருக்கும் துவான் குரு (ரஹ்) அவர்களின் வாழ்வை அறிந்துகொள்ளுங்கள்.

இவர்களின் இயற்பெயர் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகளில் ஒன்றான தீடோரில், அரச குடும்பத்தில் 1712 ஆம் ஆண்டு பிறந்தார்கள். அத்தீவுகளைத் தம் பிடியில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் இவர்களை அரசுக் கைதியாக்கி, 1780 ஆம் ஆண்டு கேப் டவுனுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போது வயது 68. அடைக்கப்பட்ட இடம் ராபன் தீவு. பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா சிறையிருந்த அதே தீவு.

அங்கே அந்த முதியவர் என்ன செய்தார்கள் தெரியுமா? நெஞ்சில் பதிந்திருந்த திருக்குர்ஆனை நினைவிலிருந்தே தம் கையால் எழுதலானார்கள். அதோடு 1781 ஆம் ஆண்டில், அகீதாவையும் ஷாபிஈ மத்ஹபின் சட்டங்களையும் விளக்கி, 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘மஃரிபத்துல் இஸ்லாம் வல் ஈமான்’ என்னும் நூலையும் எழுதி முடித்தார்கள். சிறைவாசம் அன்னாரின் உடலைத்தான் கட்டியது. கல்வியைக் கட்ட இயலவில்லை.

சிறையினின்று வெளிவந்தபோது வயது 80 ஐ எட்டியிருந்தது. அக்காலத்தில் அந்நகரின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும், நாடு கடத்தப்பட்டோருமே. இஸ்லாத்தைப் பகிரங்கமாகப் பின்பற்ற டச்சுச் சட்டம் இடந்தரவில்லை. பள்ளிவாசலுக்கு இடம் கேட்டார்கள்; மறுக்கப்பட்டது. அன்னார் சோர்ந்துவிடவில்லை. கைவிடப்பட்ட கல்லுடைக் குழி ஒன்றில், திறந்த வானத்தின் கீழ், ஜும்ஆத் தொழுகையை நடத்தினார்கள். 1793 இல் டோர்ப் தெருவில் மத்ரஸாவைத் தொடங்கினார்கள்.

அத்தெருவிலேயே, இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின் விடுதலை பெற்ற கோரிடான் என்பவரின் இடத்தில், தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் உருவாயிற்று. 1794 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டுள்ள அதன் பெயர் ‘அவ்வல்’ பள்ளி. அன்னாரே அதன் முதல் இமாம். வழிபாட்டு உரிமையைச் சட்டம் வழங்கியதோ 1804 இல்தான்!

சிந்தியுங்கள் சகோதரர்களே! அனுமதி வரட்டும் என்று அன்னார் காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறையே கலிமாவை மறந்திருக்கக்கூடும். எஜமானர் முன் தலைகுனிந்து நின்றவர்கள், மத்ரஸாவில் அலிப் பா ஓதி, தாங்களும் கண்ணியத்திற்குரிய மனிதர்களே என்று உணர்ந்தார்கள். அன்னார் வபாத்தான 1807 ஆம் ஆண்டில் அங்கே ஓதிய மாணவர்கள் 375 பேர். பின்னாளில் அம்மக்கள், நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் அர்வியாக எழுதியது போலவே, தங்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியையும் அரபு எழுத்தில் எழுதி மார்க்கம் கற்றார்கள்.

அன்னார் கைப்பட எழுதிய திருக்குர்ஆன் அவ்வல் பள்ளியில் இன்றும் பேணிக் காக்கப்படுகிறது. சிறைக் கோட்டத்தில் அன்னாருக்குத் துணைநின்றது இளமையில் மனனம் செய்த கல்வியே. நம் இல்லங்களிலோ முஸ்ஹபுகளுக்குக் குறைவில்லை. நம் பிள்ளைகளின் நெஞ்சங்களில் எத்தனை சூராக்கள் இருக்கின்றன என்பதை இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.

மறையைக் கற்று, கற்பித்து வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.