திரைக்குப் பின்னால் நின்ற ஆசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள்

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் ஆகிய கதைகளைப் பாட்டும் வசனமுமாக மேடையில் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பாயை விரித்து விடிய விடியப் பார்த்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களும் உண்டு. அந்த இசை நாடக மரபுக்குப் பாடமும் ஒழுங்கும் வகுத்துத் தந்த பெரியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். நடிகர்களின் பெயர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று அவர்களை உருவாக்கியவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னது மிகக் குறைவு. அக்குறையைச் சிறிதேனும் போக்க விரும்பி அவருடைய வாழ்க்கையை இங்கே தருகிறோம்.

சுவாமிகள் 7.9.1867 அன்று தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பின்னர் சங்கரன் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றார். படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்தக் காலத்துப் பெற்றோர் இதற்கு மேல் என்ன கேட்பார்கள்? ஆயினும் தமது 24ஆம் வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்தில் சேர்ந்தார்.

அப்போது நாடகக்காரர்களின் நிலை எப்படி இருந்தது என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூத்தாடி என்ற சொல்லே ஏச்சாக வழங்கிய காலம் அது. இரவு முழுவதும் அரசனாக வீற்றிருந்தவனுக்கு விடிந்ததும் ஊருக்குள் வீடு கொடுக்கத் தயங்குவார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். முகத்தில் அரிதாரம், தலையில் டோப்பா, உடம்பில் கனத்த ஜரிகை உடுப்பு. விளக்குச் சூட்டில் வியர்வை வழிய வழிய மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பாட்டுக்கள் மாத்திரம் ஓரளவு வகுக்கப்பட்டிருந்தன. வசனத்தை அவரவர் தமக்குத் தோன்றியபடி மேடையிலேயே பேசிக்கொண்டார்கள். இருவருக்குள் மனக்கசப்பு இருந்தால் அது கதையை விட்டு விலகிச் சொற்போராக மாறிவிடும். இராமனும் இராவணனும் சொந்தச் சண்டையை அவையில் தீர்த்துக்கொள்வதைச் சபையோர் பார்த்துச் சிரிப்பார்கள்.

சுவாமிகள் முதலில் நடிகராகவே புகழ் பெற்றார். ஆஜானுபாகுவான தோற்றம், இடிபோன்ற குரல். எமதருமன், இராவணன், இரணியன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவருக்கென்றே அமைந்தன. அவர் ஏன் வேடத்தைக் கைவிட்டார் என்பதற்கு நாடக உலகில் வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்பட்டு வருகிறது. நளதமயந்தியில் சனீசுவரனாக நடித்து முடித்து, உடம்பெல்லாம் பூசிய கரியைக் கழுவ விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனாராம். அங்கே துணி வெளுக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சி வீழ்ந்து உயிர் விட்டாளாம். மற்றொரு முறை அவர் எமனாக மேடையில் தோன்றிய வேகத்தில், சபையிலிருந்த கர்ப்பவதி ஒருத்தியின் கரு கலைந்ததாம். பார்த்தவர்கள் அதை நடிப்பின் வெற்றியாகக் கொண்டாடியிருக்கக்கூடும். சுவாமிகளோ அதைத் தம் தலைமேல் விழுந்த பழியாகக் கருதினார். அதன்பின் வேடம் புனைவதை நிறுத்திக்கொண்டார்.

சாமி நாயுடு என்பவரின் நாடக சபையில் ஆசிரியராகவும் சூத்திரதாரராகவும் இருந்த காலத்தில் அவருக்கு உலக வாழ்வில் வெறுப்புத் தட்டிற்று. காவி உடுத்தித் தலயாத்திரை புறப்பட்டார். சுவாமிகள் என்ற பெயர் அப்போது வந்தது. இல்லற வாழ்வில் அவர் புகவில்லை. யாத்திரையில் புதுக்கோட்டைக்கு வந்தபோது, கஞ்சிரா வாசிப்பில் ஈடு இணையற்று விளங்கிய மான்பூண்டியா பிள்ளை அவரை மகனைப் போல ஏற்றுக்கொண்டார். தாளக்கணக்கின் நுட்பங்களைச் சுவாமிகள் அவரிடம் கற்றார். சுவாமிகளின் பாடல்களில் சந்தம் பிசகாமல் ஓடுவதற்கு அந்தப் பயிற்சி பெரிதும் உதவியது. நண்பர்கள் வற்புறுத்தவே மீண்டும் நாடக உலகுக்குத் திரும்பினார். ஆனால் இம்முறை திரைக்குப் பின்னால்தான் அவருக்கு இடம்.

பாட்டு, விருத்தம், வசனம் அனைத்தையும் முழுமையாக எழுதி, இன்னார் இன்னது பேச வேண்டும் என்று வரையறுத்தார். இதைத்தான் நாடகக்காரர்கள் பாடம் என்று சொல்கிறார்கள். பெரிய நடிகர்கள் பலர் அதற்குக் கட்டுப்பட மறுத்தார்கள். ஒத்திகைக்கு வர மாட்டார்கள். குடித்துவிட்டு மேடையேறுவோரும் இருந்தார்கள். பெயர் பெற்றவனைக் கண்டித்தால் அவன் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவான். அலுத்துப்போன சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1910ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றவர்கள் இங்கேதான் சேர்ந்தார்கள். அவர்களில் டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6.

பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட இந்தச் சபைகளில் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள்? கம்பெனி வீடு என்று ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கை. ஒரே பந்தியில் சாப்பாடு. காலையில் எழுந்ததும் கடவுள் வணக்கம், பிறகு ஆர்மோனியத்தோடு பாட்டுப் பயிற்சி, பிறகு வசனம் மனப்பாடம். இரவு நாடகம். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். பெண் வேடமும் பையன்களே போட வேண்டும். பல சபைகளில் பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அழைத்துப் போவார்கள். வீட்டில் ஒரு வயிறு குறையும், மாதம் சில ரூபாய் வரும் என்பதற்காகவே பிள்ளையை அனுப்பிய தாய்மார் பலர். தவறு செய்தால் பிரம்படி. பள்ளிக்கூடம் கிடையாது. தாயைப் பார்த்து ஆண்டுகள் ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் அவர்கள் அதிகம் பயந்தது மகரக்கட்டுக்குத்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை கணீரென்று பாடிய பையனுக்கு இன்று சுருதி சேராது. கதாநாயகி வேடம் வேறொரு சிறுவனுக்குப் போய்விடும். குரல் தேறினால் ராஜபார்ட், தேறாவிட்டால் கூட்டத்தில் நிற்கும் சேவகன், அல்லது திரை இழுக்கும் வேலை. வேறு தொழிலும் தெரியாது. என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். அவர்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, குரல் உடைந்து ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி எழுத யாருமில்லை.

இந்தக் கடுமையான வாழ்க்கையில் சுவாமிகள் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டால், தமிழைக் கொடுத்தார் என்று சொல்வோம். பள்ளிக்குப் போகாத அந்தச் சிறுவர்கள் வெண்பாவும் விருத்தமும் சந்தமும் பிழையறச் சொல்லக் கற்றார்கள். திருக்குறளும் நீதிநூல்களும் அவர்கள் பேசிய வசனத்திலேயே கலந்து வந்தன. பிள்ளையின் திறமையைப் பார்த்துப் பாத்திரத்தை அமைப்பது அவருடைய வழக்கம். சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்டு, அவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பாட்டும் வசனமும் நிறைந்த முழு நாடகம் அது. எல்லோரும் உறங்கும் வேளையில், அறுபதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு துறவி ஒரு சின்னப் பையனுக்காக விளக்கருகில் உட்கார்ந்து எழுதியதை எண்ணும்போது நமக்கு மனம் நெகிழ்கிறது. தந்தைக்கு நிகரான அன்பு இது அல்லவா?

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் செயலிழந்ததோடு பேச்சும் போயிற்று. கொட்டகை அதிர முழங்கிய குரல் அது. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லிக் கொடுத்த நா அது. அது அடங்கிய பின்னும் அவர் எழுதிய பாட்டுக்களை அந்தச் சிறுவர்கள் இரவுதோறும் பாடினார்கள். 13.11.1922 அன்று புதுச்சேரியில் அவர் காலமானார். வயது 55. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி இருக்கிறது. எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை என்பார்கள். அவற்றில் பல அச்சேறாமலே மறைந்தன.

ஆனால் அவர் வகுத்த பாடம் மறையவில்லை. தென் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒத்திகை கிடையாது. சில வேளை ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததும் கிடையாது. தகரப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தாமே முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு மேடையேறுகிறார்கள். வேலன் கேட்பதற்கு வள்ளி சரியாகப் பதில் சொல்கிறாள். சுவாமிகள் எழுதிய பாடம் இருவருக்கும் தெரிந்திருப்பதே காரணம். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 அளவில் கொழும்பில் சந்தித்து வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்தபோதும் அந்த மரபே அவர்களை இணைத்தது. கடல் கடந்து இம்மரபு பரவியதற்கு அதுவும் ஒரு சான்று.

மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் கூடி வணங்குகிறார்கள். அவர் பெயரைச் சொல்லித்தான் மேடையேறுகிறார்கள். அவர்களில் பலருக்குத் திருவிழாக் காலம் முடிந்தால் வருமானம் இல்லை. நடிகை என்பதால் பெண்கள் படும் ஏச்சும் முற்றாக ஒழியவில்லை. அவர்களுடைய பாட்டை நாம் ரசிக்கிறோம். அவர்களை மதிக்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகளை யாரும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. அந்தத் துன்பம் நீங்கியது நல்லதே. ஆனால் சரஸ்வதி பூசைக்கும் ஆண்டு விழாவுக்கும் நம் பிள்ளைகள் மேடையேறும்போது, அவர்கள் வாயில் தமிழ் திருத்தமாக வர வேண்டும் என்று ஒருவர் பின்னால் நின்று பாடுபடுகிறார். அடுத்த விழாவில் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு அவசரமாக வீட்டுக்குப் போகாமல், திரைக்குப் பின்னால் சென்று அந்த ஆசிரியருக்கும் ஒரு வணக்கம் சொல்வோம். முடிந்தால் வள்ளி திருமணத்தில் ஒரு காட்சியையாவது நம் பிள்ளைகளைக் கொண்டு அரங்கேற்றுவோம். சுவாமிகளுக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.