திரையில் நாஜி, நிஜத்தில் அகதி!

‘காசாபிளாங்கா’ படத்தைப் பற்றி எழுதுகிற யாரும் கதாநாயகன் ஹம்ப்ரி போகார்ட்டைப் பற்றியோ, கதாநாயகி இங்க்ரிட் பெர்க்மனைப் பற்றியோதான் எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது அந்தப் படத்தின் வில்லனைப் பற்றி. பெயர் கான்ராட் வைட்.

படம் பார்க்காதவர்களுக்காக முதலில் கதை. காலம் 1941 டிசம்பர், இரண்டாம் உலகப்போர். இடம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மொராக்கோவின் காசாபிளாங்கா நகரம். ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள், லிஸ்பனுக்கு விமானம் ஏற அனுமதி கிடைக்காதா என்று அங்கே தவம் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாஜிகளை எதிர்த்துப் போராடும் லாஸ்லோ. கூடவே மனைவி இல்ஸா. அனுமதிக் கடிதமோ, இல்ஸாவை முன்பு பாரீஸில் காதலித்த ரிக்கின் கையில்! லாஸ்லோவைத் தப்பவிடக் கூடாது என்று வந்து இறங்குகிறார் ஜெர்மன் அதிகாரி மேஜர் ஸ்ட்ராஸர். அந்த வேடம்தான் வைட்டுக்கு. கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். அமைதியாகப் பேசியே வயிற்றைக் கலக்குவார். ஹாஸ்டலில் நாங்கள் லேப்டாப்பில் பார்த்தபோது, கடைசியில் ரிக் அவரைச் சுட்டதும் ரூமே கைதட்டியது. அப்புறம்தான் இந்த மனுஷன் நிஜத்தில் யார் என்று தேடிப் படித்தேன். கைதட்டின கை அப்படியே நின்றுவிட்டது.

வைட் பிறந்தது 1893 ஜனவரி 22, பெர்லின். படிப்பில் ஆள் நம்ம கட்சி! பள்ளிக்கூடம் முடிக்கும்போது வகுப்பில் 13 பேர், இவர் 13-வது இடம் என்று வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். ஆனால் நாடகப் பைத்தியம். பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட் நடத்திய புகழ்பெற்ற நாடக அரங்கில் சேர்ந்தார். முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு கிழக்குப் போர்முனைக்குப் போனவர், மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் வந்து திரும்பினார். மறுபடி மேடை ஏறினார்.

1920-ல் வந்த ‘டாக்டர் காலிகாரியின் அறை’ என்ற ஊமைப்படம் அவரை உலகம் அறியச் செய்தது. தூக்கத்திலேயே நடந்துபோய்க் கொலை செய்யும் செஸாரே வேடம். 1928-ல் ஹாலிவுட்டில் ‘சிரிக்கும் மனிதன்’. வாய் கிழிந்து எப்போதும் சிரித்தபடி இருக்கும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேட்மேன் கதையின் ஜோக்கரை உருவாக்கினார்கள். ஜோக்கர் படம் போட்ட டீ-ஷர்ட் போடுகிற நண்பர்கள் கவனிக்கவும்! பேசும் படம் வந்ததும், ஆங்கிலம் சரியாக வராததால் ஜெர்மனிக்கே திரும்பினார். அங்கே அவர் பெரிய நட்சத்திரம். பணம், புகழ் எதற்கும் குறைவில்லை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சினிமாக்காரர்கள் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதில் இனம் என்று ஒரு கட்டம். வைட் யூதர் இல்லை, புரொட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளதை எழுதியிருந்தால் போதும், வேலை பத்திரம். ஆனால் அந்த வருடம் அவர் மணந்துகொண்ட லிலி ஒரு யூதப் பெண். வைட் அந்தக் கட்டத்தில் தன்னையும் யூதர் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதினால் ஜெர்மன் சினிமாவின் கதவு அடைபடும் என்று தெரிந்தே எழுதினார். மனைவியோடு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்.

நாமும் அட்மிஷனிலிருந்து ஸ்காலர்ஷிப் வரைக்கும் எத்தனை படிவம் நிரப்புகிறோம்! பேனா ஓடுகிற வேகத்தில் கட்டங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். நாற்பது வயதில், உச்சத்தில் இருக்கும்போது, ஒரே ஒரு வார்த்தைக்காகத் தாய்நாட்டையும் தாய்மொழியில் செய்த தொழிலையும் விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா?

லண்டனில், சரளமாக வராத அந்த ஆங்கிலத்திலேயே நடிக்க ஆரம்பித்தார். 1934-ல் பிரிட்டனில் எடுத்த ‘யூதர் சூஸ்’ படத்தில், யூதர் படும் கொடுமையைக் காட்டும் கதையின் நாயகன் அவரே. பிறகு பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். தன் சம்பாத்தியத்தில் கணிசமான பகுதியைப் பிரிட்டனின் போர்ச் செலவுக்குக் கொடுத்தார். 1940-ல் வந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் மந்திரவாதி ஜாஃபர் இவர்தான். திருடனாக வந்த சிறுவன் நம் மைசூர்ப் பக்கத்து சாபு!

அதே வருடம் ஹாலிவுட் போனார். அங்கே காத்திருந்த வேடங்களில் பல, எந்த நாஜிகளை வெறுத்து ஓடிவந்தாரோ அந்த நாஜிகளின் வேடங்களே. வைட் மறுக்கவில்லை. நாஜி எப்படி இருப்பான் என்று உலகத்துக்குக் காட்ட அவரைவிடத் தெரிந்தவர் யார்? 1942-ல் காசாபிளாங்கா எடுத்தபோது அந்த செட்டில் அவரைப் போல் இன்னும் பலர் இருந்தார்கள். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் டாலியோவும், கண்ணீரோடு பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் மாட்லேன் லெபோவும் நிஜத்தில் கணவன் மனைவி. 1940-ல் பாரீஸிலிருந்து லிஸ்பன் வழியாகத் தப்பியவர்கள். அந்தக் கூட்டம் கீதம் பாடும்போது ஆத்திரத்தோடு முறைத்துக்கொண்டு நிற்கும் ஸ்ட்ராஸரும் அவர்கள் பக்கத்து ஆள்தான்!

1943 ஜனவரியில் படம் அமெரிக்கா முழுக்க வெளிவந்தது. ஏப்ரல் 3-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்த வைட் மாரடைப்பில் இறந்தார். வயது 50. அடுத்த வருடம் படம் மூன்று ஆஸ்கார் வாங்கியதை அவர் பார்க்கவில்லை. 1945-ல் ஹிட்லர் ஒழிந்ததையும் பார்க்கவில்லை. 1998-ல் அவருடைய அஸ்தியையும் லிலியின் அஸ்தியையும் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஒன்றாக வைத்தார்கள்.

காசாபிளாங்காவை நீங்களும் பாருங்கள் நண்பர்களே. ரிக்கும் இல்ஸாவும் பிரிகிற இடத்தில் கண் கலங்கட்டும், தப்பில்லை. ஸ்ட்ராஸர் செத்து விழுகிற இடத்தில் கைதட்டவும் செய்யுங்கள். அந்தக் கைதட்டல் வரவேண்டும் என்றுதானே அவர் அப்படி நடித்தார்!