கல்நார்த் தூசியின் ரகசியம் கண்ட டாக்டர் செலிகாப்

நோயாளிகளைப் பிழைக்க வைத்துப் புகழ் பெற்ற டாக்டர்கள் பலர். இறந்தவர்களை எண்ணிப் பார்த்து, உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றிய டாக்டர் ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் இர்விங் செலிகாப்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் உள்ள பரவைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பரவையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள் உண்டு. மாட்டுக் கொட்டகை, கடை, பட்டறை ஆகியவற்றின் மேலும் அந்தத் தகடுகள் இருக்கின்றன. ஒரு நாள் அவற்றைப் பிரித்துவிட்டு வீட்டைப் புதுப்பிக்க வேண்டி வரும். அன்றைக்குத் தேவைப்படும் அறிவைத் தேடித் தந்தவர் செலிகாப்.

இளமை

செலிகாப் 1915-ம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ந் தேதி, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கொலம்பியா சர்வகலாசாலையில் படித்து 1935-ல் பட்டம் பெற்றார். பிறகு மருத்துவம் படிக்க ஸ்காட்லாந்து நாட்டுக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் உலக யுத்தம் மூண்டது. படிப்புக்குப் பல இடையூறுகள் ஏற்பட்டன. எனினும் அவர் மனம் தளரவில்லை. 1941-ல் நியூயார்க்கில் உள்ள மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பின்னர் சீ வியூ காசநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

காசநோய்க்கு மாத்திரை

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் எல்லோரும் நடுங்குவார்கள். சீ வியூ ஆஸ்பத்திரியில் பலர் பிழைக்கும் நம்பிக்கையை இழந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள்.

1951-ம் ஆண்டு செலிகாப்பும், டாக்டர் ராபிட்செக் என்பவரும் அந்த நோயாளிகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஆச்சரியமான மாறுதல் தெரிந்தது. சோறு வேண்டாம் என்று இருந்தவர்களுக்குப் பசி எடுத்தது. எலும்பும் தோலுமாக இருந்தவர்களின் உடம்பில் சதை பிடித்தது. படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

அந்த மருந்து வகையைச் சேர்ந்ததுதான் ஐசோனியாசிட். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மருந்தைக் கொடுத்துத்தான், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று மெய்ப்பித்தார்கள். ஏழைகள் வீடு வாசலை விட்டு ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடக்க வேண்டிய நிலை மாறியது.

இந்தச் சாதனைக்காக 1955-ல் செலிகாப்புக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது. அது அமெரிக்க மருத்துவத் துறையின் பெரும் பரிசு. அப்போது அவருக்கு வயது 40.

ஆலை ஊரில் ஓர் ஆஸ்பத்திரி

நியூயார்க்குக்கு அருகே நியூஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்று ஓர் ஊர். பட்டு நெசவுக்குப் பேர்போனது. நம் மதுரையைப் போல ஆலைச் சங்கும் தறிச் சத்தமும் கேட்டு வளர்ந்த ஊர். அங்கே 1953-ல் செலிகாப் ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கினார்.

அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் பதினேழு பேர் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அது கல்நார்த் தொழிற்சாலை.

கல்நார் என்பதுதான் ஆஸ்பெஸ்டாஸ். பூமியில் பாறைகளுக்கு இடையே கிடைக்கும் பொருள் அது. கல்லாக இருந்தும் நாராகப் பிரியும். நூற்று, துணியாக நெய்யலாம். தீயில் எரியாது. சூட்டைத் தடுக்கும். இத்தனை குணங்கள் இருந்ததால் அதை அதிசயப் பொருள் என்று உலகம் கொண்டாடியது. பேட்டர்சன் தொழிற்சாலையில் யுத்த காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. போர்க்கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்குச் சுற்றும் உறைகளை அங்கே செய்தார்கள்.

அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோருக்கு வந்தவை சாதாரண நோய்கள் அல்ல. சிலருக்கு நுரையீரல் தழும்பு ஏறி இறுகியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சிலருக்குப் புற்றுநோய் வந்தது. ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள்.

ஒரே தொழிற்சாலை ஆட்களுக்கு ஏன் இப்படி? இந்தக் கேள்வி செலிகாப்பைத் தூங்க விடவில்லை.

சங்கம் கொடுத்த பட்டியல்

கல்நார் கெடுதல் செய்யும் என்பதை முதலில் கண்டவர் செலிகாப் அல்ல. 1924-லேயே இங்கிலாந்தில், கல்நார் நூற்பு ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண், நுரையீரல் கெட்டு 33-வது வயதில் இறந்தாள். 1931-ல் அங்கே தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. ஆனால் ஆபத்து ஆலைக்குள் மட்டுமே என்று பலர் எண்ணினார்கள். கட்டிட வேலையில் கல்நாரைத் தொடுபவர்களைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை.

செலிகாப் கம்பெனியிடம் விவரம் கேட்டார். கிடைக்கவில்லை. உடனே தொழிற்சங்கத்தை நாடினார்.

கட்டிடங்களில் குழாய்க்கும் கொதிகலனுக்கும் கல்நார் சுற்றும் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. யார் எப்போது சேர்ந்தார், யார் எப்போது இறந்தார் என்ற கணக்கைச் சங்கம் ஒழுங்காக வைத்திருந்தது. அந்தக் கணக்குப் புத்தகம்தான் அவருக்குக் கிடைத்த புதையல்.

புள்ளிவிவர நிபுணர் ஹாமண்ட், டாக்டர் ஜேக்கப் சர்க் ஆகியோர் துணைக்கு வந்தார்கள். 1942-ம் ஆண்டு முடிவில் நியூயார்க், நியூஜெர்சி சங்கங்களில் இருந்த 632 பேரை எடுத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினார்கள்.

விடை திடுக்கிட வைத்தது. அதே வயதுள்ள மற்ற ஆண்களில் நுரையீரல் புற்றுநோயால் ஆறு அல்லது ஏழு பேர் இறந்திருப்பார்கள். இந்தத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 45 பேர்!

1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தக் கணக்கு அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் உலக நிபுணர்களின் மகாநாட்டைக் கூட்டினார் செலிகாப். கல்நாரின் ஆபத்தை உலகம் அறிந்தது.

எதிர்ப்பு

கல்நார் முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. பேச்சில் எச்சரிக்கையாக இருக்கும்படி அவருக்கு வக்கீல் கடிதம் வந்தது. வீண் பீதி கிளப்புகிறார் என்று குறை கூறினார்கள். அவருடைய படிப்பைக்கூடச் சிலர் கிளறினார்கள்.

செலிகாப் பின்வாங்கவில்லை. இன்னும் பெரிய கணக்கை எடுத்தார். 1967 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 17,800 தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்தார்.

அதில் இன்னொரு உண்மையும் தெரிந்தது. கல்நாரில் மட்டும் வேலை செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. புகை மட்டும் பிடிப்பவருக்குப் பத்து மடங்குக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் ஐம்பது மடங்கைத் தாண்டியது. கல்நார் வேலை செய்பவர் பீடி, சிகரெட்டைத் தொடவே கூடாது என்பதற்கு இதுவே சான்று.

துணி துவைத்த மனைவி

எல்லாவற்றையும்விட மனத்தை உருக்கியது வேறொரு செய்தி.

பேட்டர்சன் தொழிலாளர்களின் குடும்பங்களையும் செலிகாப்பின் குழு தேடிப் போய்ச் சோதித்தது. தொழிற்சாலை வாசலைக்கூட மிதிக்காத சில மனைவிமார்களுக்கும், பிள்ளைகளுக்கும் அந்த நோய் வந்திருந்தது! நுரையீரலை மூடியுள்ள மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய் அது.

காரணம் என்ன? மாலையில் வீடு திரும்பும் கணவனின் சட்டையில் தூசி இருந்தது. மனைவி அதை உதறித் துவைத்தாள். அப்பா என்று ஓடி வந்த குழந்தையை அவன் அதே சட்டையோடு தூக்கினான். பாசத்தோடு தூசியும் போயிற்று. நோயோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டியது.

கல்நாரின் கொடுமையே இதுதான். அதன் இழை தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனாலும் இருமல் வராது, வலிக்காது. இன்று சுவாசித்ததற்கு நாளை நோய் வராததால், யாரும் பயப்படுவதில்லை.

உடைப்பதற்கு முன் பார்

நியூயார்க்கில் வானளாவிய கட்டிடங்கள் எழும்பிய காலம் அது. இரும்புத் தூண்கள் தீயில் வலுவிழக்காமல் இருக்க, கல்நார்க் கலவையைப் பீய்ச்சி அடித்தார்கள். பஞ்சு பறப்பது போலத் தெருவெல்லாம் தூசி பறந்தது. செலிகாப் குழுவினர் அதையும் அளந்து எச்சரித்தார்கள். 1973-ல் அமெரிக்க அரசு அந்த முறையைத் தடை செய்தது.

ஆனால் ஏற்கெனவே கட்டிய கட்டிடங்களை என்ன செய்வது? கூரையில், சுவரில், குழாயில் கல்நார் ஒளிந்திருக்கிறது. பழுது பார்க்க வரும் தச்சர், கொத்தனார், மின்சாரத் தொழிலாளி ஆகியோர் அறியாமல் அதை உடைப்பார்கள். கல்நாரை வெட்டி எடுத்தவர்களும் நெய்தவர்களும் முதலில் மாண்டார்கள். அதை வைத்துக் கட்டியவர்கள் அடுத்தபடி மாண்டார்கள். மூன்றாவது அலை, கட்டிய வீட்டைப் பிரிப்பவர்களைத் தாக்கும் என்று நிபுணர்கள் கண்டார்கள். 1990-ல் இதற்கென்றே நியூயார்க்கில் ஒரு மகாநாடு நடந்தது.

சட்டங்களும் வந்தன. 1986-ல் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் அனைத்திலும் கல்நார் இருக்கிறதா என்று சோதிக்க உத்தரவாயிற்று. 1990-ல், கட்டிடத்தை இடிக்கும் முன்னும் புதுப்பிக்கும் முன்னும் முழுவதும் சோதிக்க வேண்டும் என்ற விதி உறுதியாயிற்று.

இந்தச் சோதனை எப்படி நடக்கும்? பயிற்சி பெற்றவர் அறை அறையாகப் போய்க் கூரை, மேல்தட்டி, தரை, குழாய் உறை எல்லாவற்றையும் பார்ப்பார். சந்தேகமான இடத்தை நனைத்து, நகக்கண் அளவு துண்டை எடுத்து, காற்றுப் புகாத பையில் போடுவார். அதை நுண்ணோக்கியால் சோதனைச் சாலையில் ஆராய்வார்கள். எந்த இடத்தில் கல்நார் இருக்கிறது என்று வீட்டின் படத்தில் குறிப்பார்கள். உடையாமல் நன்றாக இருந்தால் தொடாமல் விடலாம். உடைக்க வேண்டிய இடமானால், முதலில் அதைப் பத்திரமாக அகற்றிய பிறகே மற்ற வேலை தொடங்கும்.

மறைவு

டாக்டர் செலிகாப் 1992-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, 77-வது வயதில் காலமானார். மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் தொழிலாளர் நோய்களுக்கான நிலையம் அவர் பெயரால் நடக்கிறது. 2001-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது எழுந்த தூசியிலும் கல்நார் இருந்தது. அந்தத் தூசியில் நின்று உழைத்தவர்களுக்கு வைத்தியம் செய்த இடங்களில் அந்த நிலையமும் ஒன்று.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் 1995-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் கணக்கை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. நோய் தாமதித்து வரும் என்பதால்தான் இந்த நீண்ட கெடு. சங்கத்தின் பழைய கணக்கிலிருந்து உண்மையைக் கண்ட செலிகாப்பின் வழியும் இதுவே.

பரவை வீட்டில் செய்ய வேண்டியது

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் பெரும்பங்கு சிமெண்ட். சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார். தகடு முழுசாக இருக்கும்வரை இழை சிமெண்டில் கட்டுண்டு கிடக்கும். சம்மட்டியால் அடித்தால், ரம்பத்தால் அறுத்தால், துளை போட்டால் விடுபட்டுப் பறக்கும்.

ஆகையால் கூரையைப் பிரிக்கும் முன், தகடு எதனால் ஆனது என்று விசாரித்து அறிய வேண்டும். கல்நார் என்றால், விவரம் தெரிந்த ஆட்களை அழைக்க வேண்டும். தகட்டை நன்றாக நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும். மேலேயிருந்து கீழே வீசக் கூடாது. முகத்தில் துண்டு கட்டினால் இந்தத் தூசி நிற்காது. அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் கட்ட வேண்டும். கண்மாய்க் கரையிலோ தெருவிலோ கொட்டக் கூடாது. சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

வேலை முடிந்த கொத்தனாரும் சித்தாளும் அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அந்த உடையை நனைத்துத் தனியே துவைக்க வேண்டும். அதன் பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பேட்டர்சன் தொழிலாளிக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. பரவைத் தொழிலாளிக்கு இன்று டாக்டர் செலிகாப்பின் வாழ்க்கை சொல்கிறது.