பொட்டெசினியும் அவர்தம் மூன்று நரம்புகளும்

எம் விடுதியில் அடுத்த அறையில் உறையும் நண்பர் ஒருவர் பேஸ் கிடார் வாசிப்பவர். கல்லூரி ஆலயத்துப் பாடகர் குழுவில் பாட்டின் அடித்தளமாகிய தாழ்ந்த சுரங்களைத் தாங்கி நிற்பவர் அவரே. சென்ற பருவத் தொடக்கத்தில் அவர் தம் நான்கு தந்தி வாத்தியத்தை விற்று, வீட்டிலிருந்து வந்த பணத்தையும் சேர்த்து, ஐந்து தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கி வந்தார். அதன்பின் இரண்டு திங்கள் அவர் பட்ட பாட்டை யாம் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டோம். ஈ என்னும் தந்தியே எல்லாவற்றிற்கும் அடியிலுள்ளது என்று அவருடைய கை பல்லாண்டு பழகியிருந்தது. இப்பொழுதோ அவ்விடத்தில் வேறொன்று வந்து அமர்ந்துகொண்டது. கழுத்து அகன்றது, தந்திகளின் இடைவெளி குறுகியது. புதிய தந்தியோ, தீண்டாதபோதும் அண்டைத் தந்திகளின் அதிர்ச்சியால் தானே முழங்கத் தொடங்கும். அதனை அடக்கப் பெருவிரலை அதன்மேல் சாய்த்துவைத்தே வாசித்தல் வேண்டும். இத்துணைத் தொல்லை எதன்பொருட்டு என்று வினவினோம். ஒரு வினாடிக்கு 41 முறை அசையும் சுரத்தோடு நில்லாமல் 31 வரை இறங்கலாம் அன்றோ என்றார். இறங்கி ஆவது என்ன என்று கேட்டவர்களும் உளர். உணவறையில் தொடங்கிய அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் இசையறிவு எமக்கு இல்லை. ஆயினும் அதன்பொருட்டுச் சில நூல்களைப் புரட்டியபோது, ஐந்தும் இன்றி, நான்கும் இன்றி, மூன்றே நரம்புகளைக்கொண்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியப்பில் ஆழ்த்திய ஒருவருடைய வரலாறு எமக்குக் கிடைத்தது. அவரே ஜியோவான்னி பொட்டெசினி. பேஸ் கிடாருக்குத் தாய் என்னத்தக்க டபிள் பேஸ் என்னும் வாத்தியத்தில் அவர் பெரும்புகழ் பெற்றார். அது பிடில் இனத்தைச் சேர்ந்ததே. ஆயின் ஆளுயரத்தினும் பெரிது. வாசிப்போர் நின்றுகொண்டேனும் உயர்ந்த முக்காலியில் சாய்ந்துகொண்டேனும் அதனை அணைத்துப் பிடித்து வில்லால் இழுப்பர். அக்காலத்தில் ஆட்டுக் குடலை முறுக்கியே அதற்கு நரம்பு செய்தனராதலின், நம் பழந்தமிழ் நூல்கள் யாழுக்கு வழங்கும் நரம்பு என்னும் சொல்லையே ஈண்டு யாமும் வழங்குவோம்.

வட இத்தாலியில் லொம்பார்டி நாட்டைச் சேர்ந்த கிரேமா என்னும் ஊரில் 22-12-1821-இல் பொட்டெசினி பிறந்தார். தந்தையார் கிளாரினெட் வாசிப்பவர். இசை இயற்றவும் வல்லவர். செல்வக் குடும்பம் அன்று. சிறுவர் முதலில் பிடில் பயின்றார், தேவாலயத்தில் பாடினார், ஊர் நாடக அரங்கில் பேரிகை கொட்டினார். இவ்வாறு எந்த வேலை கிடைப்பினும் அதனை இசை கற்கும் வாயிலாகக் கொண்டு வளர்ந்தவர் அவர்.

1835-ஆம் ஆண்டில் மகனை மிலான் நகரத்து இசைக் கல்லூரியிற் சேர்க்கத் தந்தையார் விரும்பினார். கட்டணம் செலுத்தும் வன்மை இல்லை. உபகாரச் சம்பளத்தோடு கூடிய இடங்கள் இரண்டே எஞ்சியிருந்தன: ஒன்று பஸ்ஸூன் என்னும் துளைக்கருவிக்கு உரியது, மற்றொன்று டபிள் பேஸுக்கு உரியது. பிடிலுக்கு இடமே இல்லை. பதினான்கு வயதும் நிரம்பாத பொட்டெசினி டபிள் பேஸைத் தேர்ந்தெடுத்தார். சில வாரங்களே பயின்று தேர்வுக்குச் சென்றார். உலக இசை வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் இவ்வாறு ஒரு கட்டணச் சலுகையால் நேர்ந்தது. காலியாக இருந்த இடம் எதுவோ அதுவே தம் பாடமாயிற்று என்னும் வரலாறு உடையார் நம் கல்லூரியிலும் பலர் உளர். தமிழ் வகுப்பில் யாம் புகுந்த கதையும் ஏறக்குறைய அதுவே. ஆதலின் இப்பகுதியைப் படித்தபோது எமக்கு அவர்மீது ஒரு தனி உரிமை பிறந்தது.

அத்தேர்வைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. வாசிக்கும்போது சில சுரங்கள் பிசகின. சிறுவர் வாசிப்பை நிறுத்தித் தேர்வாளரை நோக்கி, சுருதி வழுவியதற்குப் பொறுத்தருள வேண்டும் என்றும், விரல்களை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டபின் அவ்வாறு நேராது என்றும் கூறினாராம். பெரியோர் நகைத்து இடம் அளித்தனர். லூயிஜி ரோஸ்ஸி என்னும் ஆசிரியரிடம் நான்காண்டு பயின்று, 1839-இல் தனி வாசிப்பிற்கான 300 பிராங்குப் பரிசோடு கல்லூரியை விட்டு வெளிவந்தார்.

அப்பரிசு ஒரு நல்ல வாத்தியம் வாங்க உதவிற்று. டெஸ்டோரே என்னும் மிலான் நகரத்துக் கைவினைக் குடும்பத்தார் 1716-இல் செய்த வாத்தியம் அது. ஒரு பொம்மலாட்டக் கொட்டகையில் கவனிப்பாரற்றுக் கிடந்ததை அவர் கண்டெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், தம் வாழ்நாள் முழுதும் அவர் கைவிடாத துணை அதுவே. அதற்கு நரம்பு மூன்று.

அக்காலத்தில் மூன்று நரம்பு என்பது குறைபாடாகக் கருதப்படவில்லை. ஜெர்மானியர் நான்கு நரம்புகளை விரும்பினர். இத்தாலியரிலும் ஆங்கிலேயரிலும் பெரும்பாலோர் மூன்றையே பெரிதும் போற்றினர். பொட்டெசினிக்கு முன் இலண்டனில் அரை நூற்றாண்டு கோலோச்சிய டிராகொனெட்டி என்னும் வெனிஸ் நகரத்தாரும் மூன்று நரம்பினரே. இதற்குக் காரணம் உண்டு. நரம்புகள் மிகுந்தால் அவை வாத்தியத்தின் மேற்பலகையை அழுத்தும் வலிமையும் மிகும்; பலகை தன் விருப்பம்போல் அதிர இயலாது. மூன்றே இருப்பின் ஒலி அகன்று எழும். மேலும் நரம்புகளினிடையே வெளி மிகுதியாதலின், அண்டை நரம்பு தீண்டப்படுமோ என்ற அச்சமின்றி வில்லை ஊன்றி இழுக்கலாம். இவை பெறும் நன்மைகள். இழப்போ ஒன்றே, ஆயின் அது சிறிதன்று. அடி நரம்பாகிய ஏ வினாடிக்கு 55 அசைவோடு நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு சுரம் எழுதப்பட்டிருப்பின் மூன்று நரம்பினர் அதனை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வாசித்தல் வேண்டும். அடித்தளம் அங்கே ஒரு படி உயர்ந்துவிடும். கேட்போர் பலர் அதனை அறியார். இசை இயற்றியவர் அறிவார்.

பொட்டெசினி ஆழத்தை நாடியவர் அல்லர். தனி வாசிப்பின்போது மூன்று நரம்புகளையும் வழக்கத்தினும் ஒரு சுரம் உயர்த்திக் கட்டுவார். மெல்லிய நரம்புகளையே பூட்டுவார். விரலை அழுத்தாது நரம்பின்மேல் மென்மையாகத் தொட்டு எழுப்பும் குழலோசை போன்ற சுரங்களைக்கொண்டு, வில் இழுக்கும் இடத்திற்கு அருகிலேயே ஒரு புதிய நாட்டைக் கண்டுபிடித்தார் எனலாம். அதுவரை யானையின் நடையாகவே மக்கள் எண்ணியிருந்த வாத்தியம் அவர் கையில் பாடிற்று. டபிள் பேஸின் பகனினி என்று மக்கள் அவரை அழைத்தமைக்கு இதுவே காரணம். தாம் இயற்றிய பயிற்சி நூலையும் அவர் மூன்று நரம்பு வாத்தியத்தை அடிப்படையாகக்கொண்டே எழுதினார்.

பின்னர் நாடு நாடாகச் செல்லும் வாழ்க்கை. 1846-இல், கல்லூரித் தோழரும் பிடில் வல்லுநருமான அர்டிட்டியோடு கடல் கடந்து கியூபாத் தீவின் ஹவானா நகரை அடைந்தார். அங்கே இசை நாடகக் குழுவில் வாசித்தார். தாமே ஒரு நாடகமும் இயற்றினார். கொலம்பஸின் கதை அது. குழுவை நடத்துபவராக உயர்ந்தபின், அங்கங்களின் இடைவேளையில் தம் வாத்தியத்தோடு மேடை ஏறி, அன்று பாடப்பெற்ற நாடகத்தின் மெட்டுக்களையே எடுத்து விரித்து வாசிப்பது அவர் வழக்கமாயிற்று. 1849-இல் இலண்டன் அவரை முதன்முதல் கேட்டது. 1855 முதல் 1857 வரை பாரிஸ் நகரத்து இத்தாலிய நாடக அரங்கில் குழுவை நடத்தினார். அவர் சென்ற ஊர்களையெல்லாம் எழுதப் புகின் இவ்விதழின் பக்கங்கள் போதா.

ஆயினும் கெய்ரோவை விட்டுச்செல்ல இயலாது. எகிப்து நாட்டுக் கெதீவ் இஸ்மாயில் கேட்டுக்கொண்டபடி வெர்டி இயற்றிய அயீதா என்னும் நாடகம் அங்கே முதன்முதல் நடிக்கப்பெறுவதாக இருந்தது. ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டமையால், அங்கே செய்யப்பட்ட திரைகளும் உடைகளும் நகருக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டன, அரங்கேற்றம் தாழ்த்தது. இறுதியில் 24-12-1871 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளின் முன்மாலையில், அயீதா அரங்கேறியது. வெர்டி கடற்பயணம் செய்து வரவில்லை. குழுவை நடத்தியவர் பொட்டெசினி. தாம் இல்லாத இடத்தில் தம் படைப்பை வெர்டி ஒருவரிடம் ஒப்படைத்தார் என்றால் அந்நட்பின் ஆழம் விளங்கும்.

இனி யாம் சொல்ல வந்ததன் உயிர்நிலைக்கு வருவோம். 1879-இல் டூரின் நகரில் ஈரோ, லியாண்டர் என்னும் காதலர் கதையைப் பொட்டெசினி நாடகமாக அரங்கேற்றினார். அதற்குப் பாட்டெழுதியவர் பொயிட்டோ என்னும் புலவர். அதே பொயிட்டோ சில ஆண்டுகட்குப் பின் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை இத்தாலிய மொழியில் அமைத்துக் கொடுக்க, வெர்டி அதற்கு இசை அமைத்தார். 5-2-1887-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அது முதன்முதல் நடிக்கப்பெற்றது. நான்காம் அங்கத்தில் டெஸ்டிமோனா தன் செபத்தை முடித்துத் துயில்கிறாள். பிடில்கள் மிக உயர்ந்த சுரத்தில் நூலினும் மெலிந்து ஓய்கின்றன. ஓய்ந்தவுடன், வேறெந்த வாத்தியமும் ஒலியாதிருக்க, டபிள் பேஸ்கள் மட்டும் அடியாழத்திலிருந்து மெல்ல எழுகின்றன. ஒத்தெல்லோ உள்ளே வந்துவிட்டான். அவன் வாய் திறக்கவில்லை. அவன் மனம் இருக்கும் நிலையை அவ்வொலியே சொல்கிறது. அதன் முதற் சுரம் 41 அசைவுடைய ஈ. அவ்விடத்தில் வெர்டி தம் ஏட்டில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்: நான்கு நரம்பு உடையவர் மட்டுமே வாசித்தல் வேண்டும் என்பது அது.

மூன்று நரம்பினர் அங்கே வில்லைத் தாழ்த்தி வாளா இருத்தல் வேண்டும். ஒரு ஸ்தாயி ஏற்றி வாசித்துச் சமாளிக்கும் பழைய வழி அங்கே செல்லாது. ஏற்றினால் ஒத்தெல்லோ நல்லவனாகிவிடுவான். அரை நூற்றாண்டாக உலகின் முதல் டபிள் பேஸ் வல்லுநர் என்று போற்றப்பட்டவருடைய வாத்தியத்தில் அச்சுரம் இல்லை. அதனை எழுதியவரோ அவருடைய நண்பர். வெர்டி தவறு செய்தார் என்று எம்மால் கூற இயலவில்லை. நாடகத்திற்கு அவ்வாழம் வேண்டியிருந்தது, வேண்டியதைக் கேட்டார். பொட்டெசினியின் பெருமை அதனாற் குறைந்ததாகவும் எமக்குத் தோன்றவில்லை. அவர் மேலே தேடியதைப் பிறர் எவரும் அங்கே சென்று தேடியதில்லை. ஆயினும் ஒரு காலம் முடிந்துவிட்டது என்பதை அந்த ஒற்றைக் குறிப்பு அறிவித்துவிட்டது. வியத்தகு முறையில், அதே 1887-ஆம் ஆண்டில் பொட்டெசினி இங்கிலாந்தில் நார்விச் நகரத்து இசை விழாவிற்கு ஒரு புதிய படைப்பை அளித்தார். ஒலிவத் தோட்டத்தில் நம் ஆண்டவர் பட்ட துயரமே அதன் பொருள்.

வெர்டியின் பரிந்துரையால் பொட்டெசினி பார்மா நகரத்து இசைக் கல்லூரிக்குத் தலைவரானார். உபகாரச் சம்பளத்தால் ஒரு கல்லூரியில் நுழைந்தவர், மற்றொரு கல்லூரியின் தலைமை இருக்கையில் சில திங்களே அமர்ந்திருந்தார். 7-7-1889-இல் உயிர் நீத்தார். அவருக்கு வயது 67. பகனினியின் உடல் துயிலும் பார்மா நகரத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் துயில்கின்றார்.

அதன்பின் மூன்று நரம்பு வாத்தியம் மெல்ல மெல்ல மறைந்தது. நான்கு நிலைபெற்றது, ஜெர்மனியில் அதற்கு முன்னரே, 1880-ஐ ஒட்டி, ஐந்தாவது நரம்பும் தோன்றிவிட்டது. 1951-இல் அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர் மின்விசையால் முழங்கும் பேஸ் கிடாரைச் செய்து விற்கத் தொடங்கியபோது, அந்நான்கையே ஈ, ஏ, டி, ஜி என்று அவ்வாறே பூட்டினார். 1965-இல் அவர் தொடங்கிய நிறுவனம் ஐந்து தந்தி வாத்தியம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஐந்தாவது தந்தி அடியில் சேரவில்லை, உயரத்தில் சேர்ந்தது. பொட்டெசினி இருந்திருப்பின் அதனையே விரும்பியிருப்பார் போலும். ஆனால் வாங்குவோர் விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. எம் நண்பர் வாங்கியதுபோல் 31 அசைவுடைய தந்தி அடியில் அமைந்த பேஸ் கிடார் 1970-க்குப் பின்னரே வழக்கில் வந்தது.

இவ்வரலாற்றை நண்பரிடம் கூறினோம். ஒத்தெல்லோப் பகுதியைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. தம் கட்சிக்கு வெர்டியே சான்று என்றார். மறுநாள் மாலை பொட்டெசினி இயற்றிய எலிஜி என்னும் இரங்கல் இசையின் மெட்டை எங்கோ கேட்டுவந்து வாசிக்க முயன்றார். யாம் அவர் அறைக்குச் சென்று அருகில் அமர்ந்து பார்த்தோம். இடக்கை வாத்தியத்தின் உடலை ஒட்டி, மேல் தந்திகளிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே இரண்டு தந்திகள் ஒலியின்றிக் கிடந்தன. பெருவிரல் அவற்றை அடக்கிக்கொண்டிருந்தது.