1 லட்சம் ரேடியோ ஆர்டரை வேண்டாம்னு சொன்னவர்... 'சோனி' பெயரை விட்டுக்கொடுக்காத அகியோ மொரிட்டா யார்?

ட்விட்டர் 2023-ல் எக்ஸ் ஆனது. கூகுளின் பார்ட் 2024-ல் ஜெமினி ஆனது. பழகின பெயர் திடீர்னு மாறினால் யாருக்கும் குழப்பம்தான். ஆனால் இது இன்னைக்கு நேத்து வந்த பிரச்னை இல்லை. பெயர் விஷயத்தில் கறாராக இருந்த சோனி இணை நிறுவனர் அகியோ மொரிட்டாவே ஒருமுறை இதில் சிக்கினார்.

யார் இந்த மொரிட்டா?

1921 ஜனவரி 26-ம் தேதி ஜப்பானின் நகோயாவில் பிறந்தவர். குடும்பத்தொழில், சாகே எனும் அரிசி மது தயாரிப்பு. மூத்த மகன் என்பதால் பல தலைமுறைத் தொழிலுக்கு அவர்தான் வாரிசு. ஆனால் படித்தது இயற்பியல். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் இருந்த அவருக்கு, பொறியாளர் மசாரு இபுகாவின் அறிமுகம் கிடைத்தது. போர் முடிந்ததும் 1946 மே மாதம் இருவரும் டோக்கியோவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். பெயர், டோக்கியோ சுஷின் கோக்யோ.

'சோனி' எப்படி வந்தது?

அமெரிக்காவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையலை. எல்லா நாட்டினரும் சுலபமாகச் சொல்லக்கூடிய சின்னப் பெயரை இருவரும் தேடினர். ஒலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான சோனஸ், சிறுவர்களைச் செல்லமாக அழைக்கும் ஆங்கிலச் சொல்லான சன்னி இரண்டும் பிடித்திருந்தன. ஆனால் சன்னியின் ஆங்கில எழுத்துகளை ஜப்பானியர் வாசித்தால் நஷ்டம் என்ற பொருள் தொனிக்கும். வியாபாரத்துக்கு ஆகுமா? ஒரு எழுத்தைத் தூக்கினார்கள். 'சோனி' பிறந்தது.

ஆர்டர் வந்தும் மறுத்தது ஏன்?

1955-ல் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவுடன் மொரிட்டா அமெரிக்கா போனார். புகழ்பெற்ற கடிகார நிறுவனமான புலோவா, 1 லட்சம் ரேடியோ வாங்கத் தயாரானது. ஒரே நிபந்தனை, ரேடியோவில் புலோவா பெயர்தான் இருக்கணும். ஆர்டரை விடாதே என்று டோக்கியோவில் இருந்தவர்கள் சொன்னார்கள். மொரிட்டா மறுத்துவிட்டார். அடுத்தவர் பெயரில் விற்றால் தன் நிறுவனத்தை உலகம் ஒருபோதும் அறியாது என்பது அவர் கணக்கு.

1958-ல் நிறுவனத்தின் பெயரே சோனி ஆனது. பத்து வருஷம் கஷ்டப்பட்டு பழக்கிய பெயரை ஏன் மாத்தணும் என்று வங்கி கேட்டது. பின்னால் 'எலக்ட்ரானிக்' என்றாவது சேர்க்கச் சொன்னது. நாளைக்கு என்ன தொழில் செய்வோமோ, பெயர் கையைக் கட்டக்கூடாது என்று மொரிட்டா அதற்கும் சம்மதிக்கலை.

வாக்மேனில் என்ன குழப்பம்?

நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் கருவி 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஊழியர்கள் சூட்டிய 'வாக்மேன்' என்ற பெயர் தப்பான ஆங்கிலம் போல மொரிட்டாவுக்குப் பட்டது. அதனால் அமெரிக்காவில் சவுண்டபவுட், பிரிட்டனில் ஸ்டோஅவே, ஸ்வீடனில் ஃப்ரீஸ்டைல். ஒரே கருவிக்கு நாலு பெயர்!

ஆனால் ஜப்பான் போய் வந்தவர்கள் வாக்மேன் என்ற பெயரையும் சேர்த்தே ஊருக்குக் கொண்டுபோனார்கள். கடைகளில் ஜனங்கள் வாக்மேன் இருக்கான்னுதான் கேட்டார்கள். தன் முடிவு தவறு என்பதை மொரிட்டா ஏற்றுக்கொண்டார். உலகம் முழுக்க ஒரே பெயர் என்றானது. 1986-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது.

அதன் பிறகு?

1993-ல் டென்னிஸ் ஆடும்போது மொரிட்டாவுக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு தலைவர் பதவியை விட்டு விலகிய அவர், 1999 அக்டோபர் 3-ம் தேதி தனது 78-வது வயதில் காலமானார்.

இன்று அதே சோனியின் இரண்டு ஹெட்ஃபோன்களின் பெயர்: டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4, டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4. ஒன்று தலையில் மாட்டுவது, இன்னொன்று காதுக்குள் செருகுவது. வித்தியாசம் ஒரே ஒரு எழுத்துதான். ஆர்டர் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.