மூவொரு இறைவனைத் தேடிக் காவிரிக்கரைக்கு வந்தவர்

ஆண்டுதோறும் மூவொரு கடவுள் பெருவிழா வரும்போது நம் மறைக்கல்விப் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். மூன்று எப்படி ஒன்றாகும்? பிள்ளைகள் மட்டுமல்ல, எப்போதும்வென்றான், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வாழும் நாமும் இக்கேள்விக்குத் தப்ப முடிவதில்லை. இயேசுவின் பெயரால் மட்டுமே திருமுழுக்கு என்று சொல்லும் சபையார் உண்டு. தந்தை, மகன், தூய ஆவியார் என்பவை ஒருவருக்கே உரிய மூன்று பெயர்கள் என்பது அவர்கள் கொள்கை. (பெந்தகோஸ்தே சபையார் எல்லாரும் அப்படி அல்லர், பெரும்பாலோர் நம்மைப்போல் மூவொரு கடவுளை ஏற்பவர்களே.) வீட்டு வாசலுக்கு வந்து பேசும் யெகோவாவின் சாட்சிகளோ, மகன் படைக்கப்பட்டவர் என்பார்கள். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய திருச்சங்கம் மறுத்த ஆரியுசின் போதனையும் ஏறக்குறைய இதுவே.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் நடந்த ஒரு குருவானவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் அருட்தந்தை ஜூல் மோன்சானின். 1895 ஏப்ரல் 10 அன்று பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே ஃப்ளூரி என்ற ஊரில் பிறந்தார். 1922-இல் குருவானார். நல்ல படிப்பாளி, இறையியலார் ஹென்றி தெ லூபாக்கின் நண்பர். 1932-இல் கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்தால் இந்தியாவுக்கே தன்னைக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தார். 1939-இல் கப்பலேறி வந்து திருச்சி மறைமாவட்டத்தில் சேர்ந்தார்.

அடுத்த பத்தாண்டுகள் சிற்றூர்ப் பங்குகளில் கழிந்தன. பாரிசிலும் லியோனிலும் அறிஞர்கள் காது கொடுத்துக் கேட்ட மனிதர், குளித்தலைப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார். உடல் நலம் எப்போதும் பாதிதான்.

1948-இல் பிரித்தானி பகுதியின் பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ வந்து சேர்ந்தார். இருவரும் 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்ட் திருநாளில், தண்ணீர்ப்பள்ளியில் மாந்தோப்பு ஒன்றில் ஆசிரமம் தொடங்கினார்கள். காவிரிக்கரை, மாமர நிழல் என்று கேட்டாலே வானம் பார்த்த பூமிக்காரர்களாகிய நமக்குச் சற்றுப் பொறாமை வரும்! ஆனால் அங்கு வாழ்க்கை குடிசையில்தான். காவி உடை, மரக்கறி உணவு, நீண்ட மௌனம்.

ஆசிரமத்துக்கு அவர்கள் இட்ட பெயர் சச்சிதானந்தம். சத், சித், ஆனந்தம் என்ற மூன்றையும் தந்தை, மகன், தூய ஆவியாரோடு இணைத்துப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. வங்கத்தின் கேசவ சந்திர சென் 1882-இல் அப்படிப் பேசினார். கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ் உபாத்யாய 1898-இல் அதையே வடமொழிப் பாடலாக்கினார். மோன்சானின் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பரம அரூபி ஆனந்தம். உருவற்ற பேரின்பமாகிய தூய ஆவியாரைச் சுட்டும் பெயர் அது. லெ சோ, அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டார்.

பிறகு நடந்ததுதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. 1949-இல் இருவரும் சேர்ந்தே திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைக் கண்டார்கள். அபிஷிக்தானந்தாவின் உள்ளம் அங்கேயே தங்கிவிட்டது. 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் தவமிருந்தார். இரண்டற்ற ஒருமையின் அனுபவம் அவரை ஆட்கொண்டது. மோன்சானின் தயங்கினார். அவருடைய பார்வையில் கடவுள் தனிமையில் இருப்பவர் அல்லர்; தந்தை மகனுக்குத் தம்மை முழுவதும் தருவதும், மகன் தந்தையிடம் திரும்புவதும், அந்த அன்பே ஆவியாராக இருப்பதும்தான் கடவுளின் உயிர். எல்லாம் கரைந்து ஒன்றாகிவிட்டால் யார் யாரை அன்பு செய்வது? ஒருவருக்கே மூன்று பெயர் என்னும் கொள்கையிலும் இதே இடறல் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஒலிவ மலையில் இயேசு செபித்தது யாரிடம்?

இத்தனைக்கும் இந்திய ஞானத்தை அவர் இகழவில்லை; அதை நேசித்துத்தான் இங்கு வந்தார். இரு துறவிகளுக்கும் நடுவே மனத்தாங்கல் இருந்தது. ஆனாலும் ஒரே தோப்பில் ஒரே பீடத்தைச் சுற்றி வாழ்ந்தார்கள். நம் பங்குகளில் இதைவிடச் சிறிய காரியத்துக்கே பேச்சு முறிந்துபோவதைப் பார்க்கிறோம்.

வெளிப்பார்வைக்கு மோன்சானின் தோற்றவர்தான். இந்தியச் சீடர் எவரும் ஆசிரமத்தில் நிலைக்கவில்லை. 1957-இல் வயிற்றில் கட்டி கண்டு, சிகிச்சைக்காகப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அக்டோபர் 10 அன்று அங்கேயே இறந்தார், வயது 62. காவிரிக்கரைக்குத் திரும்ப வாய்க்கவில்லை. அபிஷிக்தானந்தாவும் 1968-இல் வடக்கே கிளம்பிவிட, அருட்தந்தை பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். அதன் பிறகே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அந்தத் தோப்பைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஆசிரமக் கோவிலின் கோபுரத்தில் இன்று மூவொரு இறைவன் மூன்று முகங்களோடு சிலையாக நிற்கிறார்.